வாக்கிற்கு முன் எழுத்து

‘வாக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பேச்சு என்பதே பழம்பொருள். வாக்குக் கொடுத்தல், வாக்குத் தவறுதல், வாக்குவாதம் என்னும் வழக்குகள் யாவும் வாயினின்று பிறப்பவற்றையே சுட்டுகின்றன. மக்களாட்சி வந்த பின்னரே, மறைவிடத்தில் ஓசையின்றி அளிக்கப்படும் ஒன்றிற்கு அச்சொல் பெயராயிற்று. இவ்வாக்கு பிறப்பதற்கு முன் ஓர் எழுத்து பிறந்தாக வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் அத்தொகுதியில் வாக்களிக்க இயலாது என்று 62 ஆம் பிரிவில் கூறுகிறது. ஊரறிந்த பெரியவராயினும், ஐந்து தலைமுறையாக ஒரே மனையில் வாழ்பவராயினும், பட்டியலில் பெயர் இல்லையேல் வாக்குச்சாவடியின் வாயிலோடு திரும்ப வேண்டியதுதான்.

அப்பெயரை எழுதுபவர் யார்? பட்டியலின் முகப்பில் கையொப்பமிடுபவர் ஓர் அலுவலர். ஆனால் உள்ளே பெயர்களை எழுதிய கை, பெரும்பாலும் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ அமர்த்தப்பட்ட கையாகும். வீடு வீடாகச் சென்று கேட்பவர், படிவத்தைப் பார்த்துப் படியெடுப்பவர், தட்டச்சு செய்பவர், கணினியில் பதிபவர், ஒளிப்படம் எடுப்பவர், அச்சான தாள்களைச் சரிபார்ப்பவர் எனத் தேர்தல் நாளுக்கு முன்னரே பணி முடித்து, கூலி பெற்றுக் கலைந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. வாக்குப்பதிவு நாளன்று சாவடியில் அமர்வோரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும். இவர்களைப் பற்றி எழுதுவார் அரியர். இவர்களுள் ஒருவனாக ஒரு காலத்தில் இருந்தவன் என்ற முறையில், இப்பணியின் வரலாற்றையும் இதில் தமிழ் கற்றோர்க்குள்ள பங்கையும் ஈண்டு ஆராய விழைகின்றேன்.

திறந்த உள்ளங்கை

தமிழகத்துத் தேர்தல் வரலாறு பேசுவோர் உத்திரமேரூரை விடார். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921 ஆகும். குடவோலை முறை பற்றி நாம் அறிவதெல்லாம் பெரிதும் இவற்றிலிருந்தே. மேடையில் பேசுவோர், கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்னும் விதியைச் சொல்லிக் கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுவது வழக்கம். அதனினும் நுட்பமான செய்தி அக்கல்வெட்டில் உண்டு.

முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையார் யாவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திக் காட்டுவார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் மத்தியஸ்தர். அவர் சபையின் உறுப்பினர் அல்லர். சபைக்குக் கணக்கும் தீர்மானமும் எழுதித் தரும் பணியாளர். ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையைத் திறந்து வைத்தே அவர் ஓலையை வாங்க வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். அதன்பின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். இவ்வளவும் நடந்த பின்னரே அப்பெயர் கொள்ளப்படும். அந்த ஏற்பாட்டை எழுதிய மத்தியஸ்தரின் பெயரும் கல்வெட்டின் இறுதியில் பொறிக்கப்பட்டுள்ளது.

இது நிலமுடைய அந்தணர் சபையின் தேர்தல். மகளிர்க்கும் உழுகுடிகளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆகவே இதனை இன்றைய வயதுவந்தோர் வாக்குரிமையோடு ஒப்பிட்டு மகிழ்வது மிகை என்பதே என் கருத்து. எனினும் எழுதும் கையை மட்டும் நம்பிவிடாமல், எழுதப்பட்டதைப் பலர் செவியில் விழச் செய்யும் அந்த ஒழுங்கு போற்றத்தக்கது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு கடற்கரை, பல பட்டியல்கள்

என் சொந்த ஊராகிய காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலம் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பியது. 1884 இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். ஐரோப்பியர் ஒன்று. சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’கள் ஒன்று. ஏனைய இந்தியர் ஒன்று. எப்பட்டியலில் பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே வாக்கின் எடை அமைந்தது. வாஞ்சூர் எல்லையைக் கடந்து நாகூர்ப் பக்கம் சென்றாலோ, ஆங்கிலேயர் ஆட்சியில் 1909 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதியும் தனிப்பட்டியலும் இருந்தன. அவற்றிலும் சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே இடம். காரைக்காலில் அண்ணனும் நாகூரில் தங்கையுமாக வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஒரே குடும்பம் இருவேறு அரசுகளின் இருவேறு பிரிவினைகளில் எழுதப்பட்டது.

இந்திய அரசியலமைப்பின் 325 ஆம் பிரிவு இவற்றிற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. சமயம், இனம், சாதி, பால் என்னும் வேறுபாடின்றி ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப்பட்டியல் என்பது அதன் விதி. காரைக்காலுக்கு அந்நிலை வரச் சற்றுக் காலம் சென்றது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 உறுப்பினருள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 இல் நிறைவுற்றது. 1964 இல் புதுச்சேரிச் சட்டமன்றத்திற்கு முதல் தேர்தல் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைக் கைவிடாத குடும்பங்கள் சில இன்றும் இங்கு உள்ளன. பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அவர்கள் காரைக்காலிலேயே வாக்களிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரே தெருவில் இரு நாடுகளின் பட்டியல்!

பதினாறாயிரத்து ஐந்நூறு எழுத்தர்கள்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் பெயர்களைத் தட்டச்சு செய்து தொகுதிவாரியாகத் தொகுக்க 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். பட்டியல் அச்சிட 3,80,000 ரீம் காகிதம் செலவாயிற்று. அந்த எழுத்தர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம். ஆறு மாதம் முடிந்ததும் அவர்கள் எங்கே சென்றனர், அடுத்த வேலை கிடைத்ததா என்பதையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

அப்பணியில் நேர்ந்த இடர்ப்பாடு ஒன்று மிகவும் சிந்திக்கத்தக்கது. வட மாநிலங்கள் சிலவற்றில் கணக்கெடுக்க வந்த அயலானிடம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். ‘இன்னாரின் தாய்’, ‘இன்னாரின் மனைவி’ என்றே எழுதச் செய்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. வாக்காளர் எவரும் தம் சொந்தப் பெயராலேயே அறியப்பட வேண்டும் என்றார். விளைவாக, ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர் முடிவு கொள்கையளவில் சரியானதே. ஆயினும் அவ்வீடுகளின் வாயிலில் ஓர் ஆடவனுக்குப் பதில் அவ்வூர்ப் பெண் ஒருத்தி ஏட்டுடன் நின்றிருந்தால், அத்தொகை எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

கோவில்பத்தில் நான் எழுதிய பக்கம்

காரைக்கால் நகரின் ஒரு பகுதி கோவில்பத்து. ஞானசம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரிப் பார்வதீசுவரர் கோயில் அங்குள்ளது. ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இளங்கலை முடித்து முதுகலை சேர்வதற்கு இடைப்பட்ட நாட்களில், பட்டியல் திருத்தப் பணிக்கு நாட்கூலி எழுத்தனாக அமர்த்தப்பட்டேன். கையெழுத்து நன்றாக இருந்ததே எனக்கிருந்த தகுதி. காலையில் கணக்கெடுப்பாளராகிய ஆசிரியர் ஒருவருடன் கோவில்பத்துத் தெருக்களில் நடக்க வேண்டும். பிற்பகலில் அவருடைய குறிப்பேட்டைப் பார்த்துப் படிவத்தில் படியெடுக்க வேண்டும்.

வடநாட்டுப் பெண்களின் தயக்கம் இங்கு வேறு வடிவில் இருந்தது. நம் பெண்கள் தம் பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். கணவர் பெயரைச் சொல்லவே நாணினார்கள். கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், “நாகூர்ல அடங்கியிருக்கிற எஜமான் பேருதான் தம்பி” என்றது. சாகுல் ஹமீது என்று எழுதிக்கொண்டோம். அடுத்த தெருவில் ஓர் அம்மையார், “ஏழுமலைக்கு மேல இருக்கிற சாமி பேரு” என்றார். ஆசிரியர் வெங்கடேசன் என்று எழுதினார். குடும்ப அட்டையைப் பிறகு பார்த்தால் சீனிவாசன் என்றிருந்தது. சாமி ஒன்றுதான். ஆனால் பட்டியலுக்கு இருவர்.

இவையெல்லாம் சிரித்து முடிந்தவை. நான் செய்த பிழை அத்தகையதன்று. படிவத்தின் ஒவ்வொரு வரியிலும் வாக்காளர் பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதிச் செல்வதே முறை. விரைவு கருதி நான் முதலில் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு உறவினர் பெயர்களை அவ்வாறே எழுதினேன். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு பெண் பெயர்கள் ஒரே சொல்லில் தொடங்கின. ஒன்று ‘பீவி’ என்றும் மற்றது ‘நாச்சியா’ என்றும் முடிந்தன. என் கண் ஒன்றைத் தாவிவிட்டது. அதற்குக் கீழிருந்த பெண்கள் அனைவர்க்கும் ஒரு வீடு தள்ளிய கணவர் பெயர் அமைந்தது. பக்கத்தின் அடியில் உறவினர் பெயர் ஒன்று மிஞ்சி நின்றது. அப்போதேனும் நின்று பார்த்திருக்க வேண்டும். குறிப்பேட்டில்தான் பிழை என்று துணிந்து, மிஞ்சியதை விட்டுவிட்டேன்.

வரைவுப் பட்டியல் வெளியானதும் தெருவே எழுந்து வந்தது. முதலில் சிரிப்பு, பிறகு சினம். பெரியவர் ஒருவர் பட்டியலை என் முன் வைத்து, “தம்பி, யாரு வீட்ல யாரைக் கொண்டுபோய் வச்சிருக்கிறீங்க?” என்று கேட்டார். வந்தவர் அனைவர் பெயரும் திருத்தப்பட்டன. விடுபட்டவர்க்காக மட்டும் எவரும் வரவில்லை. அவர் கணவரை இழந்தவர். ஒரு வீட்டின் கொல்லைப்புறத்துச் சிறு பத்தியில் வாடகைக்கு இருந்தார். ஒரே மகன் அப்போதுதான் வெளிநாட்டு வேலைக்குச் சென்றிருந்தான். தம் பெயரை வந்து எழுதிப் போனார்கள் என்ற நம்பிக்கையில் அவர் வரைவைப் பார்க்கவில்லை.

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வாயிலில் குடும்ப அட்டையும் கையுமாக அவர் திரும்பி வருவதைக் கண்டேன். என்னை அடையாளம் கண்டு நின்றார். “நீதானே தம்பி வந்து எழுதிட்டுப் போனே?” என்றார். நான் விடை சொல்லுமுன், “ஓட்டு இல்லேன்னா நான் இந்த ஊரு இல்லேன்னு ஆயிடுமா?” என்று கேட்டார். அக்குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்ட கேள்வி அது. அடுத்த திருத்தத்தில் படிவம் 6 ஐ நானே நிரப்பிக் கொடுத்தேன். அதன்பின் வந்த தேர்தலில் அவர் வாக்களித்தார். சில ஆண்டுகளில் மறைந்தார்.

1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பட்டியல் தயாரிப்பில் தக்க காரணமின்றிக் கடமை தவறுவோர்க்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்று 32 ஆம் பிரிவில் விதிக்கிறது. அதை நான் பின்னரே படித்தேன். நம் பெரியவர்கள் ‘அமானிதம்’ என்று சொல்வதை அன்றைக்கே நினைத்திருந்தால் சட்டம் வேண்டியிருந்திராது.

ஏட்டுப் பிழையும் பட்டியல் பிழையும்

முதுகலையில் மூலபாடத் திறனாய்வு படிக்கத் தொடங்கியபோது, என் பிழைக்கு முன்னோர் பலர் உண்டு என்று அறிந்தேன். ஓரிடத்துச் சொல் மீண்டும் வரும்போது, ஏடு எழுதுவோர் கண் முதலதிலிருந்து இரண்டாவதற்குத் தாவி, இடைப்பட்ட அடிகளை விட்டுவிடுவது சுவடிப் பதிப்பாளர் நன்கறிந்த குறை. புள்ளியிடாமல் எழுதும் ஓலை வழக்கில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கும். காலும் ரகரமும் ஒன்றாகத் தோன்றும். உ.வே. சாமிநாதையர் ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது இதன் பொருட்டே. ஓர் ஏட்டின் பிழையை மற்றோர் ஏடு காட்டும். வாக்காளர் பட்டியலுக்கு அவ்வாறு ஒப்பிடத்தக்க மற்றோர் ஏடு அப்பெயர்க்குரியவர் நாவில் மட்டுமே உள்ளது.

நம் சமுதாயப் பெயர்களில் இவ்விடர் இன்னும் மிகுதி. முகம்மது, முஹம்மது, முகமது, மொகமது என ஒரே பெயரை ஒரே குடும்பத்தார் நான்கு ஆவணங்களில் நான்கு விதமாக எழுதியிருப்பதைக் காணலாம். ஹகரம் ககரமாவதும், ஆய்தம் உதிர்வதும், ஜகரம் சகரமாவதும் தமிழின் இயல்புக்கு ஒத்தனவே. இலக்கண நோக்கில் அவற்றுள் எதுவும் பிழையன்று. ஆனால் இரண்டு தாள்களை ஒட்டிப் பார்க்கும் அலுவலர்க்கு அவை இரு மனிதர்கள். காரைக்காலில் மற்றுமொரு சிக்கல். பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவேடுகளில் உகர ஒலிக்கு ஓ, யூ என்னும் இரண்டு உரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினர். ஆங்கில வழக்கில் ஒற்றை யூ போதும். ஆகவே தாத்தாவின் ‘முத்து’வும் பேரனின் ‘முத்து’வும் உரோமன் எழுத்தில் ஒத்துவருவதில்லை. கணினி வந்தபின், ஆங்கிலத்தில் பதிந்ததைத் தமிழாக்கும்போது ‘கனி’ என்பது ‘கணி’ எனவும் ‘காணி’ எனவும் ஆகக்கூடும். இது மாணவர்க்கு நகைச்சுவை. அப்பெயரைச் சுமப்பவர்க்கு அலைச்சல்.

ஆதலின் இப்பணிக்குச் செல்லும் தமிழ் மாணவர்க்கு நான் சொல்வது ஒன்றே. பெயரைத் திருத்தாதீர். நாம் கற்ற புணர்ச்சி விதியும் மொழிமுதல் எழுத்து விதியும் அங்கே பயன்படா. உரியவர் எவ்வாறு எழுதுகிறாரோ அவ்வாறே எழுதி, எழுதியதை உடனே அவர் காதுபட வாசித்துக் காட்டுக. மத்தியஸ்தர் ஓலையை உரக்க வாசித்ததன் பயன் இதுவே. நான் எழுதிய பக்கத்தை அன்று ஒருவர் வாசிக்க மற்றொருவர் குறிப்பேட்டைப் பார்த்திருந்தால், தாவிய பெயர் அக்கணமே அகப்பட்டிருக்கும். வரைவுப் பட்டியலை வெளியிட்டு உரிமைக் கோரிக்கையும் மறுப்பும் கேட்பது சட்டத்தில் உள்ள ஏற்பாடு. ஆனால் சுவரில் ஒட்டிய தாளைக் கண் மங்கிய முதியவர் எங்ஙனம் படிப்பார்? வரைவு வரும் வாரத்தில் ஜமாஅத் மன்றத்திலும் கோயில் மண்டபத்திலும் அவ்வத்தெருப் பக்கங்களை ஒருவர் உரக்க வாசிக்க ஏற்பாடு செய்தால், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இன்று இப்பணியின் பெரும்பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர்களிடம் உள்ளது. ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களுமே இதில் மிகுதி. தம் வேலைக்கு மேல் செய்யும் இப்பணிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தைத் தேர்தல் ஆணையம் 2025 இல் 12,000 ஆக உயர்த்தியது. பெண்கள் பலர் இதில் இருப்பதால் கதவுக்கு அப்பாலான குரல்கள் இப்போது கூடத்திற்கு வந்துவிட்டன. புதிதாகப் பதிவோர் ஜனவரி 1 ஐ மட்டும் எதிர்நோக்கியிருந்த நிலையும் மாறியது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாட்களும் தகுதி நாட்களாயின. 17 வயது நிரம்பிய மாணவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

2025 நவம்பரில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஒவ்வொருவரும் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ இருபது ஆண்டுகளுக்கும் முற்பட்ட பட்டியலில் தேடிக் குறிப்பிட வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு பிற்பகலில் நாட்கூலிக்கு எழுதப்பட்ட பக்கங்கள் மீண்டும் உயிர்பெற்றன. அக்காலத்தில் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். படிவத்துடன் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பல ஆண்டு வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர். பழைய பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்போது ஊரில் இல்லை. தந்தை அதற்கு முன்பே இறந்தவர். “எங்க உம்மா பேரு இருக்கணும் சார். அவங்க ஓட்டுப் போட்டது எனக்குத் தெரியும். ஆனா இதுல காணோம்” என்று கைபேசியில் பழைய பக்கத்தைக் காட்டினார். கோவில்பத்துப் பக்கம் அது.

அப்பக்கத்தைப் படியெடுத்தவன் நானே என்பதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து நகராட்சிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். இருவரும் அமர்ந்து படிவத்தை நிரப்பினோம். ஒவ்வொரு கட்டத்தையும் எழுதியதும் உரக்க வாசித்தேன். தாயின் பெயர் என்ற கட்டத்தில் எழுதியதை வாசித்தபோது அவர் என் கையைத் தடுத்தார்.

“பீவி இல்லை சார். நாச்சியா.”